அண்ணனின் கிருமி

அண்ணன் இறந்தபின் அவள் ஆய்வகத்துக்குத் திரும்பிய அன்று காலை, யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சர்க்கரை போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் சர்க்கரை சேர்ப்பதில்லை. இருந்தும் எடுத்துக் குடித்தாள். வித்தியாசம் தெரியவில்லை.

அவளுக்கு அழுகை வந்திருக்கவில்லை. மருத்துவமனையிலும் வரவில்லை, எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோதும் வரவில்லை. உறவுக்காரப் பெண்கள் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். "படிச்சவ இல்லையா, நெஞ்சழுத்தம்" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தது இவள் காதிலும் விழுந்தது. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அது நம்முடைய கன்னம் மாதிரியே இருக்காது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

அவள் வேலை கொய்யா இலையிலும் வெள்ளியிலும். இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, சுத்திகரித்த நீரில் கொதிக்கவைத்து வடித்தால் இளமஞ்சளாக ஒரு சாறு இறங்கும். வெள்ளி உப்பைக் கரைத்த நீர் பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். இரண்டையும் கலந்து வைத்தால் மஞ்சள் மெல்ல ஏறிப் பழுப்பாகும், பழுப்பு முற்றிக் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி ஆகும். இலையில் இருக்கும் பொருள்கள் கரைந்திருந்த வெள்ளியைத் துகளாகத் திரட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி போர்த்தியும் விடுகின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு பொடித் துகள். கிருமியின் தோலில் ஓட்டை போட்டு உள்ளே புகுந்து அதைக் குலைத்துப் போடும். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் இதற்காவது மசியுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

இதையெல்லாம் ஒருமுறை அண்ணனுக்கு விளக்கியபோது அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நாள் முழுக்க வெள்ளியிலயே புரள்றே. ஒரு கம்மலுக்குத் தேறுமா?" என்றான்.

"வருஷம் பூரா செஞ்சதைச் சேர்த்தா ஒரு திருகாணிக்குத் தேறும்."

"நல்ல நகைக்கடை."

அன்றிலிருந்து அவள் நகைக்கடை ஆகிவிட்டாள். தொலைபேசியில் கூப்பிட்டால் "நகைக்கடை தொறந்தாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பான். அவனுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்துகொடுப்பான். பட்டறைக் கொல்லையில் நின்ற கொய்யா மரத்திலிருந்துதான் அவளுக்கு இலை வரும். அவனே பறித்துப் பையில் அடைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து, ஆய்வக வாசலில் நின்று, "சரக்கு வந்திருக்கு, முதலாளியம்மாவக் கூப்பிடுங்க" என்று காவலாளியிடம் சொல்வான்.

ஒருநாள் பட்டறையில் ஒரு தகரத் தகடு அவன் காலைக் கிழித்தது. கெண்டைக்காலில் சாணளவுக்கு வெட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தான். கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் போனபிறகுதான் மருத்துவமனைக்குப் போனான். ஒரு மருந்து மாற்றி இன்னொன்று, அது மாற்றி மற்றொன்று. எதற்கும் கேட்கவில்லை. புண்ணில் பச்சையாக நீர் கசிந்தது. அறை முழுக்க, கனிந்து அழுகப் போகிற திராட்சை மாதிரி ஓர் இனிப்பு வாசனை.

படுத்தபடியே அவளிடம் கேட்டான். "நகைக்கடை, நம்ம சரக்கைக் கொஞ்சம் கொண்டாந்து ஊத்தேன்."

"அதை மனுஷனுக்குப் போட்டு இன்னும் பாக்கல அண்ணா."

"நான் மனுஷன்னு யாரு சொன்னது? உங்க அண்ணிய வேணா கேளு."

பக்கத்தில் நின்ற அண்ணி சிரிக்கவில்லை. மறுநாள் வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். "அவரு விளையாட்டுக்குச் சொன்னாரு. நான் விளையாட்டுக்குச் சொல்லல. கொண்டுவா." அவள் முடியாது என்றாள். ஏன் முடியாது என்று நிதானமாக விளக்கவும் செய்தாள். ஆய்வகத் தட்டில் கொல்வதும் உடம்பில் கொல்வதும் ஒன்றல்ல, என்ன அளவு என்று தெரியாது, டாக்டர்கள் அனுமதிக்கமாட்டார்கள். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது.

வேலைக்குத் திரும்பிய அந்த வாரமே மருத்துவமனைப் பரிசோதகர் வந்தார். மருந்துக்கு மசியாத கிருமிகளை நோயாளிகளிடமிருந்து எடுத்து, குளிர்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். அன்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"இதுல உங்க அண்ணனோடதும் இருக்கும்மா. சொல்லாம வெச்சுட்டுப் போக மனசு வரல. வேணாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "இருக்கட்டும் சார்" என்றாள்.

பேராசிரியர் காதுக்கும் விஷயம் போனது. அவர் கட்டையானவர். நானோ துகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் பேசியதால் மாணவர்கள் நானோ மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் வந்து பக்கத்து முக்காலியில் ஏறி உட்கார்ந்து, "அதை வேற யாராவது பாக்கட்டும். நீ மத்ததைப் பாரு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நானே பாக்கறேன்."

"ஒண்ணும் இல்லைங்கறதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் அவர். ஆனால் தடுக்கவில்லை.

மூடி போட்ட தட்டில் ஊட்டக் கூழை ஊற்றி உறையவைத்து, அதன்மேல் அவள் அதை வளர்த்தாள். மறுநாள் தட்டைத் திறந்தபோது நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் மினுமினுவென்று படர்ந்திருந்தது. திராட்சை வாசனை வந்தது. அதே வாசனைதான் என்று மனதில் குறித்துக்கொண்டாள், கிருமி வளரும் சூட்டுப்பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வதைப் போல. மூடியை மூடினாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள்.

சிக்கல் வெள்ளியில் வந்தது. அண்ணன் கடைசியாகக் கொடுத்த இலையின் பொடி தீர்ந்துபோயிருந்தது. நூலகத்துக்குப் பின்னால் இன்னொரு கொய்யா மரம் இருந்ததால் அதில் பறித்தாள். அதே முறை, அதே அளவு, அதே வெப்பம். ஆனால் நிறம் பழுப்பாக வரவில்லை. சாம்பல் மாதிரி மங்கி, கொஞ்ச நேரத்தில் துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் கரித்தூளாகப் படிந்துவிட்டது. திரும்பச் செய்தாள். திரும்பவும் படிந்தது. வெள்ளி உப்பு பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்ததுதான் மிச்சம்.

நானோ மேடம் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மண்ணு வேற, தண்ணி வேற, மரமும் வேற. எல்லாக் கொய்யாவும் ஒண்ணாயிடுமா? பழைய மரத்துலயே போய்ப் பறிச்சுட்டு வா." சொன்ன பிறகுதான் அது யாருடைய மரம் என்று அவருக்கு நினைவு வந்தது. குடுவையை மெதுவாகக் கீழே வைத்தார்.

பட்டறையில் அண்ணி அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, அறுத்துப்போட்ட கம்பிகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பற்றவைப்பவர் முகமூடியைத் தூக்கி இவளைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிக்கொண்டார்.

"எதுக்கு வந்தே?" என்றாள் அண்ணி.

"இலை வேணும் அண்ணி."

"இலையா." கையிலிருந்த கம்பியை அதற்குரிய குவியலில் போட்டாள். "பறிச்சுக்கோ. மரம் உங்க அண்ணன் வெச்சது. எனக்கென்ன வந்தது."

எட்டிய கிளைகளில் இலை முற்றிப் புள்ளி விழுந்திருந்தது. நல்ல இலை மேலேதான். அவள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, அண்ணி ஓர் இரும்பு ஏணியை இழுத்துவந்து சாத்தி, அடியைப் பிடித்துக்கொண்டாள். இவள் ஏறினாள். கொத்துக் கொத்தாக ஒடித்துப் பையில் போட்டாள். பிறகு கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீ அந்தத் தண்ணியக் கொண்டுவந்து ஊத்தியிருந்தா?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதுன்னா?"

"வெச்சுப் பாத்தாதான் தெரியும். அண்ணனோட கிருமி எங்க ஆய்வகத்துலதான் இருக்கு. இந்த இலையில செஞ்சு அதுக்கு வெச்சுப் பாக்கப் போறேன்."

ஏணி லேசாக ஆடியது. இவள் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"அவரு இல்ல. அது இருக்கு." அண்ணி இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்று தனக்குத்தானே ஒப்பித்துப் பார்ப்பதுபோல் சொன்னாள். "நான் அதைப் பாக்கணும்."

அந்த இலையில் நிறம் வந்தது. பழுப்பேறி, நிறத்தை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தபோது திரையில் கோடு எங்கே உச்சிக்கு ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. கிருமியைத் தட்டு முழுக்கத் தடவி, நடுவே கூழில் சிறு குழிகள் போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் காலை ஒவ்வொரு குழியைச் சுற்றியும் நாணயம் வைத்தது மாதிரி தெளிவான வட்டம் விழுந்திருந்தது. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, அவள் தோளைத் தொட்டாள். அவள் அளவுகோலை எடுத்து வட்டங்களை அளக்கத் தொடங்கினாள்.

அண்ணி சொன்னபடியே வந்தாள். நானோ மேடம் அனுமதித்தார். வெள்ளை அங்கியையும் கையுறையையும் அவரே மாட்டிவிட்டு, "எதையும் தொறக்க வேணாம், மத்தபடி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஓரம் ஒட்டி மூடிய தட்டை அவள் அண்ணியின் கையில் வைத்தாள். அண்ணி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

"கறுப்பா இருக்கும்னு நெனைச்சேன். பாசி மாதிரி அழகா இருக்கே."

அண்ணி தட்டை முகத்தருகே கொண்டுபோனாள்.

"தொறந்தா அந்த வாசனை வருமா?"

"வரும். தொறக்க முடியாது அண்ணி."

"வேணாம். வருமான்னுதான் கேட்டேன்." கையுறை போட்ட விரலால் மூடியின் மேல் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்தாள். "இது என்ன, இங்க மட்டும் ஒண்ணும் இல்ல?"

"அங்கதான் நம்ம மருந்து ஊத்தினேன். சுத்தி இருந்ததெல்லாம் செத்துப்போச்சு."

அண்ணி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ கேட்டிருக்கு."

"தட்டுல கேட்டிருக்கு."

"எந்த மருந்துக்கும் கேக்கல, கேக்கலன்னு கையை விரிச்சாங்க. இதுக்குக் கேட்டிருக்கு. நீ போட்டிருக்கணும்."

"தெரியாது அண்ணி."

"இன்னுமா தெரியாது? கண்ணு முன்னாடி இருக்கே."

"கிருமிய மட்டும்தான் பாத்திருக்கேன். இது தோலை என்ன பண்ணும்னு இன்னும் பாக்கல. தோல் செல் வளத்து, அதுக்கும் ஊத்திப் பாத்தாதான்..." தன் குரல் வகுப்பெடுக்கும் குரலாக இருப்பது அவளுக்கே கேட்டது. நிறுத்தினாள்.

அண்ணி தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கையுறையைக் கழற்றினாள். அங்கியைக் கழற்றி, துவைத்து வந்த துணியை மடிப்பதுபோல் ஓரம் பார்த்து மடித்து முக்காலியின்மேல் வைத்தாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் தட்டை அதன் அடுக்கில் வைத்து, அடுக்கின் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கதவின் பிடியிலிருந்து கையை எடுக்கத் தோன்றவில்லை. பிறகு எடுத்தாள்.

தோல் செல்கள் வளர நாளாகும். அந்த நாட்களில் அவள் வந்தாள், வேலை செய்தாள், போனாள். வீட்டில் குழாய் ஒழுகியது, ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தாள். யாரோ ஒரு நகைச்சுவை சொன்னார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். தொலைபேசி அடித்தால் ஒரு நொடி "தொறந்தாச்சா" என்ற குரலுக்குக் காத்திருப்பாள். அது வேறு யாராவதாக இருக்கும். பேசுவாள்.

முடிவு வந்தபோது நானோ மேடம் பெருமூச்சு விட்டார். கிருமியைக் கொல்லும் அளவில் ஊற்றினால் தோல் செல்களிலும் பாதிக்கு மேல் மடிந்தன. "இதைத் தூக்கிப் போட வேண்டியதில்ல. அளவைக் குறைச்சு, கேக்காமப் போன அந்தப் பழைய ஊசி மருந்தோட சேர்த்துப் பாரு" என்றார். அவள் பார்த்தாள். வெள்ளி கிருமியின் மேலுறையில் ஓட்டை போட்டுக் கொடுத்தது. தோற்றுப்போன மருந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. கிருமி செத்தது. தோல் செல்கள் பிழைத்துக்கிடந்தன.

மறுநாள் பிற்பகல் அவள் பட்டறைக்குப் போனாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. அண்ணி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், கையில் அளவு டேப்.

"ஒரு வீட்டுல கேட்டுக்கு அளவு எடுக்கப் போகணும். பத்தவைக்கறவருக்குக் காய்ச்சல். இன்னொரு முனையப் பிடிக்க ஆள் இல்ல. வர்றியா?"

"வரேன்."

பேருந்தில் கூட்டம். ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டே போனார்கள். அந்த வீட்டின் மதில் புதிதாக எழும்பியிருந்தது, சிமென்ட் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்றார்.

"நாத்தனாரு" என்றாள் அண்ணி.

"அட, நாத்தனாரைக் கூட்டிக்கிட்டு வேலைக்கு வந்த ஆளை இப்போதான் பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார். அவள் ஒரு தூணோரம் டேப்பின் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணி மறுதூணுக்கு நடந்தாள்.

"தோலுக்கு வெச்சுப் பாத்துட்டேன் அண்ணி."

அண்ணி குனிந்து எண்ணைப் படித்தாள். நிமிர்ந்தாள். "சொல்லு."

"கிருமி சாகற அளவுக்கு ஊத்தினா தோலும் சாகுது. பாதிக்கு மேல."

"அப்போ போட்டிருந்தா கெடுதல்தான்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேருக்கும் விடுதலை. அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது.

"புண்ணு பெருசாயிருக்கும். ஆனா புண்ணு பெருசானாலும் பரவால்ல, ஆள் பொழைச்சா போதும்னு ஆயிருக்கவும் கூடும். தெரியல அண்ணி."

"உன் வாயால ஒரு தடவையாவது ஒண்ணை நிச்சயமா சொல்லேன்."

அவள் யோசித்தாள். "கொஞ்சமா வெள்ளி ஊத்தி, அண்ணனுக்குப் போட்ட அதே ஊசி மருந்தையும் சேர்த்தா கிருமி சாகுது. தோலுக்கு ஒண்ணும் ஆகல. ஆய்வகத்து அளவுல இது நிச்சயம்."

"எப்போ தெரிஞ்சுது?"

"நேத்து."

"நேத்து" என்றாள் அண்ணி.

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அண்ணி டேப்பை இழுத்துப் பார்த்தாள். நடுவில் தொய்ந்திருந்தது.

"சரி. இறுக்கிப் பிடி. அளவு தப்பினா கேட்டு மூடாது."

அவள் இறுக்கிப் பிடித்தாள். அகலத்தை எடுத்தார்கள், உயரத்தை எடுத்தார்கள், சரியாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலையும் ஒருமுறை பார்த்தார்கள். அண்ணி எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணி பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவளிடம் நீட்டினாள்.

திரும்பும்போது பேருந்து காலியாக இருந்தது. ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அண்ணி ஜன்னல் பக்கம்.

"அதை என்ன பண்ணுவீங்க? அந்தக் கிருமிய" என்று கேட்டாள்.

"பாத்து முடிச்ச தட்டையெல்லாம் ஆவியில வேகவெச்சுக் கொன்னுடுவோம். கொஞ்சம் மட்டும் உறைய வெச்சு எடுத்து வெப்போம். அடுத்த மருந்தையும் இதுக்குத்தான் வெச்சுப் பாக்கணும். இதைவிட முரண்டு பிடிக்கறது எங்ககிட்ட வேற இல்ல."

"அவரு கிட்டேர்ந்து வந்தது, முரண்டு பிடிக்காம என்ன பண்ணும்" என்றாள் அண்ணி. சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்துபோனது. "வெச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு நிறைய நாளாகத் தூங்காதவள்போல் அண்ணியின் தலை ஆடி ஆடிச் சரிந்தது. முதலில் கண்ணாடியில் இடித்தது. பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து இவள் தோளில் விழுந்து, அங்கேயே கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கூந்தலில் இரும்புத் தூளின் வாசனை.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. பட்டறைத் தெருவின் முனை தெரிந்தது. அவள் எழுப்பவில்லை. பேருந்து கிளம்பியது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நடத்துனர் வந்து நின்று, "இறங்கலையா?" என்றார்.

"திரும்பி இதே வழியாத்தானே போவீங்க?"

"போவோம். வண்டி எடுக்கக் கொஞ்ச நேரமாகும்."

"பரவால்ல. இவங்க தூங்கட்டும்."

அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் போய் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். பேருந்தின் இன்ஜின் அடங்கியது. அண்ணியின் தலை கனத்தது. அவள் தோள் வலிக்கத் தொடங்கியது; கழுத்துவரைக்கும் ஏறியது. வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.